முந்நூறு பொய் வீடுகள்

"ஐயோ...!"

காலை எட்டு ஐம்பது. தேஜான் நகரின் அந்தப் பல்கலைக்கழகக் கட்டடமே அதிர்ந்தது. அலறியவள் பெருக்க வந்த பெண்.

சைக்கிள் கொட்டகையின் தகரத்தைப் பொத்துக்கொண்டு கீழே கிடந்தார் பேராசிரியர் பியோ சங்தால். வயது அறுபத்திரண்டு. நான்காவது மாடியில் அவர் அறை ஜன்னல் திறந்து கிடந்தது.

உயிர் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

மேஜை மேல் ஒரு காகிதம். அச்சடித்தது. கையெழுத்து இல்லை!

'என் ஆய்வில் முந்நூறு வீடுகளை நானே பொய்யாகச் சேர்த்தேன். மன்னியுங்கள்.'

இன்ஸ்பெக்டர் மேங் ஒக்கி அதை இரண்டு முறை படித்தாள். ஐம்பது வயதுக்காரி. எதையும் இரண்டு முறை படிக்காமல் நம்பமாட்டாள். படித்த பிறகும் பாதிதான் நம்புவாள்.

அப்போதுதான் மூச்சிரைக்க ஓடி வந்தாள் தோ யெரின். பேராசிரியரிடம் ஏழு வருடம் வேலை பார்த்தவள். காகிதத்தைப் படிக்கும்வரை வாய்விட்டு அழுதாள்.

படித்ததும் அழுகை நின்றுவிட்டது.

"பொய்!"

"எது பொய்?" என்றாள் ஒக்கி.

"இந்த லெட்டர்! எங்க சார் ஒரு புள்ளியைக்கூட மாத்தமாட்டார் மேடம். மாத்தச் சொன்னவன் மூஞ்சிலேயே கதவைச் சாத்துவார்!"

"ஏம்மா, செத்தவங்களைப் பத்தி எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. என்ன ஆராய்ச்சி?"

"நூடுல்ஸ்."

"என்னது?"

"தல்போங், சோல்மே... ரெண்டு நூடுல்ஸ் கம்பெனியும் ஒண்ணாகப் போகுது மேடம். ஒண்ணாயிட்டா இஷ்டத்துக்கு விலை ஏத்துவாங்களா, மாட்டாங்களா? இன்னிக்கு ரெண்டு மணிக்கு விலை நியாய மன்றத்துல விசாரணை. எங்க சார்தான் சாட்சி!"

"அதுக்கு வீடு எதுக்கு?"

"ரெண்டாயிரம் வீட்டுல, கடைக்குப் போய் வாங்கினதை எல்லாம் ஸ்கேன் பண்ணி எங்களுக்கு அனுப்புறாங்க. விலை ஏறினா எந்த வீடு எதை விடும், எதை விடாதுன்னு அதுல தெரியும். நூடுல்ஸ் விலை நூத்துக்குப் பத்து ஏறினா, வாங்குறது எட்டுதான் குறையுது. திட்டிக்கிட்டே வாங்குறாங்க! வேற வழி இல்லாதவங்க மேடம்... அவங்க தலையிலதான் கம்பெனி கை வைக்கப் போகுது."

"கம்பெனி என்ன சொல்லுது?"

"பதினாலு குறையும்னு. 'ஜனங்க ஓடிடுவாங்க, அதனால விலையை ஏத்தவே மாட்டோம்'னு சத்தியம் பண்ணாத குறை! தக் சுங்வூன்னு ஒரு ஆளை வெச்சிருக்காங்க. அவர் போட்ட கணக்கு."

யெரினின் செல்போன் அலறியது. பேர் சொன்னதும் ஆஜர்... தக் சுங்வூ!

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம்," குரலில் வருத்தம் மருந்துக்கும் இல்லை. "நியூஸ்ல லெட்டரும் வந்துடுச்சு. சாட்சியை வாபஸ் வாங்கிடும்மா. நாளைக்கு உனக்கும் ஒரு இடத்துல வேலை கிடைக்கணும்ல?"

"ரெண்டு மணிக்கு வர்றேன் சார். எங்க சார் நாற்காலியைத் துடைச்சு வைக்கச் சொல்லுங்க!"

வைத்துவிட்டாள்.  

ஒக்கி அவளைப் புதிதாகப் பார்த்தாள். "சரி... அந்த முந்நூறு வீட்டைக் காட்டு."

பேராசிரியரின் கணினியில் முந்நூறு வீடுகளுக்கும் சிவப்பு அடித்திருந்தது. நேற்று மாலை அவரே அடித்தது. யெரின் முதல் வீட்டின் எண்ணுக்குப் போன் போட்டாள்.

"ஸ்கேன் மெஷினா?" எதிர்முனையில் ஒரு பெண்மணி. "போன வருஷமே திருப்பிக் குடுத்துட்டோமே! நாங்க இப்ப உல்சான்ல இருக்கோம்."

"போன மாசம் நீங்க முப்பது பாக்கெட் நூடுல்ஸ் வாங்கினதா இருக்கும்மா..."

"நானா? எனக்கு பி.பி. இருக்கு. டாக்டர் கொன்னே போட்டுடுவார்!"

இன்னும் நான்கு வீடுகள். நான்கும் விலகிப் போனவை. காலி வீடுகளில் யாரோ அடுப்பு மூட்டியிருக்கிறான்!

"இங்க பாருங்க மேடம்," யெரின் திரையைத் தட்டினாள். "நவம்பர்ல கிம்ச்சி ஊறுகாய் போடுற சீசன். கோஸ் விலை ரெண்டு மடங்கு ஆச்சு. நீங்க என்ன பண்ணீங்க?"

"வாங்கினேன். அறுபது கோஸ்! வாங்காம போனா எங்க அண்ணி என்னை உப்புக்கண்டம் போட்டுருப்பா."

"இந்த முந்நூறு வீடும் சமர்த்தா கிட்டத்தட்ட பாதியாக் குறைச்சிருக்கு! ஒரு வீட்டுலயும் பட்டாளத்துப் பையன் லீவுல வரல. ஒருத்தரும் சோஜு குடிச்சுட்டு மறுநாள் காலையில நூடுல்ஸ் சூப்புக்கு அலையல."

"இப்படி ஒரு வீடு கொரியாவுலயே கிடையாது."

"கிடையாது! இதெல்லாம் சமன்பாட்டுல பொறந்த வீடுங்க. அதுவும் விலை ஏறினா நூடுல்ஸை விட்டுட்டு ஓடுற வீடுங்க... கம்பெனிக்குச் சாதகம்! எங்க சாரே எதுக்கு மேடம் தன் காலை வெட்டிக்கணும்?"

ஒக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்போ யாரு?"

"இந்தத் தகவலைத் தொட்டது மூணே இடம். நாங்க... தக்கோட ஆபீஸ்... சரிபார்க்கிறதுக்காக மன்றம். பொய் வீட்டை உருவாக்குறவன் தன் சொந்தக் கணக்குல இருந்துதான் உருவாக்குவான். பழக்கதோஷம்! அந்த வீடுகளை மட்டும் தனியா எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டா, அவனோட எண்ணே வெளியில வந்துடும். கைரேகை மாதிரி!"

"போடு!"

போட்டாள். மூன்று எண்கள் திரையில் வந்தன.

யெரினின் முகம் வெளிறியது. "கடவுளே..." என்றாள். 

பிற்பகல் இரண்டு மணி. மன்றம் நிரம்பி வழிந்தது.

நடு நாற்காலியில் தலைவர் நாம்குங் சோக். பேராசிரியரோடு ஒரே வகுப்பில் படித்தவர். கண்கள் சிவந்திருந்தன. அவர் முன்னால் முத்திரை வைத்த உறை. அந்த மன்றத்தின் வழக்கம் அது. கடை விற்பனையை வைத்துத் தலைவர் தனியாக ஒரு கணக்குப் போட்டு, ஒரு வாரம் முன்பே உறையில் போட்டு முத்திரை வைத்துவிடுவார். இரண்டு தரப்பும் பேசி முடித்த பிறகுதான் உடைப்பார்கள். அதுவரை ஈ, எறும்புக்குக்கூடத் தெரியாது.

"என் நண்பன் போயிட்டான்," நாம்குங்கின் குரல் தழுதழுத்தது. "அவனே பொய்னு எழுதி வெச்ச ஆய்வை இந்த மன்றம் ஏத்துக்க முடியாது. வீட்டுக்குப் போம்மா."

"போகமாட்டேன்!"



"முந்நூறு வீடு பொய்தான் ஐயா. ஒத்துக்கறேன். தூக்கிப் போட்டுடுங்க! மிச்ச ஆயிரத்து எழுநூறு வீட்டைக் கேளுங்க. விலை பத்து ஏறினா, அவங்க குறைக்கிறது எட்டுகூட இல்ல... ஆறு! பொய்யை எடுத்தா எங்க பக்கம் இன்னும் பலமாகுது. பொய் எங்களோடதா இருந்தா இப்படி ஆகுமா?"

தக் சுங்வூ துள்ளி எழுந்தான். "என்னைச் சொல்றியா? என் எண் பதினாலு! வேணும்னா உன் பொய் வீடுகளோட ஒப்பிட்டுப் பார்த்துக்கோ!"

"பார்த்துட்டேன் சார். பொருந்தல. நீங்க திமிர் பிடிச்சவர். ஆனா இதைப் பண்ணல."

தக் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

யெரின் பலகைக்குப் போனாள். பெரிதாக எழுதினாள்.

17.3... 2.8... 4.1.

"நூடுல்ஸ் விலை பத்து ஏறினா பொய் வீடுங்க குறைக்கிறது முதல் எண். சம்பளம் பத்து ஏறினா நூடுல்ஸைக் குறைக்கிறது ரெண்டாவது. கோஸ் விலை பத்து ஏறினா கோஸைக் குறைக்கிறது மூணாவது. எங்க எண்ணைச் சொல்லிட்டோம். தக் சார் சொல்லிட்டார். இன்னும் எண்ணைக் காட்டாத ஆள் இந்த ஊர்லயே ஒருத்தர்தான்... உறையை உடைங்க ஐயா!"

"என்ன துணிச்சல்!" நாம்குங் உறையின் மேல் கையை வைத்து அழுத்தினார். "இது மன்ற அவமதிப்பு!"

"அப்போ நான் உடைக்கிறேன்," என்றபடி கடைசி வரிசையிலிருந்து நடந்து வந்தாள் ஒக்கி. "எனக்கு மன்றத்துல மரியாதை கம்மி. காலையில ஏழரைக்கு யூனிவர்சிட்டி கேட்டுல ஒரு சாம்பல் நிறக் கார் கேமராவுல விழுந்திருக்கு. நம்பர் சரியாத் தெரியல. யாரோட காரை முதல்ல தேடணும்னுதான் யோசிச்சிட்டிருந்தேன்."

உறை கிழிந்தது. ஒக்கி இரண்டு முறை படித்தாள்.

"பதினேழு புள்ளி மூணு. ரெண்டு புள்ளி எட்டு. நாலு புள்ளி ஒண்ணு."

ஒரு எண் பொருந்தினால் தற்செயல் என்று தப்பித்திருக்கலாம். மூன்றும் பொருந்தினால் எங்கே போவது?

நாம்குங் நாற்காலியில் சரிந்தார். "ஓய்வுக்கு அப்புறம் அந்தக் கம்பெனியில ஆலோசகர் பதவி தர்றேன்னாங்க... அந்த வீடுங்களை நான்தான் உள்ள நுழைச்சேன். சங்தால் நேத்துக் கண்டுபிடிச்சுட்டான். 'உன்கிட்டதான் முதல்ல சொல்றேன், மன்றத்துல எவனோ திருடன் இருக்கான்'னு எனக்கே போன் பண்றான், பைத்தியக்காரன்! காலையில அவன் ரூமுக்கே போய் வாயை மூடுன்னு கெஞ்சினேன். மாட்டேன்னான். தள்ளிட்டேன்... லெட்டரையும் நான்தான் அடிச்சு வெச்சேன்."

யெரின் அவரைப் பார்த்த பார்வையில் பரிதாபம் துளிகூட இல்லை. ஏன் இருக்க வேண்டும்? நம்பிப் போன் செய்த நண்பனைக் கொன்றவன்!

அவள் மற்ற இரண்டு உறுப்பினர்கள் பக்கம் திரும்பினாள். "எங்க சாரோட சாட்சி இன்னும் முடியல. எழுதிக்கங்க... ஆறு!"

எழுதினார்கள். எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துப் போடும்வரை அவள் நகரவில்லை. அன்று மாலையே இரண்டு கம்பெனிகளும் ஒன்றாவதற்குத் தடை விழுந்தது.

விலங்கு மாட்டிய கையோடு நாம்குங் வாசலில் தயங்கினார். "இன்ஸ்பெக்டர்... உள்ள சாப்பாடு எல்லாம் எப்படி?"

ஒக்கி ஜீப் கதவைத் திறந்துவிட்டாள்.

"சுமார்தான் சார். ஆனா ஒண்ணு... பிடிக்கலைன்னா வேற கடைக்கு ஓட முடியாது!"