மூன்றாவது திரை

மவுஸ் அம்பு திரையின் வலது ஓரத்தில் முட்டி நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. ஓரத்தைத் தாண்டி, விளக்குக்குப் பின்னால் பல்லி நழுவுவதுபோல நழுவிப் போய்விட்டது. இத்தனைக்கும் அந்தப் பக்கம் போவதற்கு ஒன்றுமே இல்லை. அவனுடைய இரண்டாவது மானிட்டர் இடது பக்கம்தான் இருந்தது. அதுவும் காலையிலிருந்து கறுப்பாகக் கிடந்தது.

புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது அவன் தொழில். ஒரு திரையில் கைப்பிரதி, இன்னொன்றில் பக்கம் என்று வருடக்கணக்கில் பழகிய கண்ணுக்கு, ஒற்றைத் திரையில் வேலை செய்வது ஒற்றைக் காலில் நடப்பது மாதிரி இருந்தது. விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் அவனை இழுத்துவிட்டவன் மைத்துனன். முந்தின நாள் அந்த மைத்துனன் பேச்சைக் கேட்டுத்தான், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கணினியில், திரைகளை இயக்கும் கிராபிக்ஸ் டிரைவர் மென்பொருளை மாற்றினான். வினையை விலை கொடுத்து வாங்குவார்கள் என்று கேள்வி. இவனுக்கு அது இலவசமாகவே கிடைத்தது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிடித்த மழை விடவில்லை. ஜன்னல் மறைப்பில் தண்ணீர் ஒரே சீராகக் கொட்டும் சத்தமும், கணினியின் மின்விசிறி இழுத்து இழுத்து மூச்சுவிடும் சத்தமும், மேசைக்கு வலது புறம் ஒருக்களித்திருந்த கதவுக்குள் நாலு வயது மகள் தூங்கும் மெல்லிய குறட்டையும் சேர்ந்து, சூடேறிய தூசியின் வாசனையோடு ஹாலை நிறைத்திருந்தன. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். இருட்டும் வேளையில்தான் வருவாள். அதுவரை குட்டி அவன் பொறுப்பு. அவள் எழுந்துவிட்டால் வேலை அதோடு சரி என்பதால், எழுந்திருக்கக் கூடாதே என்றுதான் அவன் மனசு வேண்டிக்கொண்டிருந்தது.

மைத்துனனைப் போனில் பிடித்தான்.

"கேபிளைக் கழட்டி மாட்டிப் பாத்தீங்களா மாமா?"

"எல்லாம் பாத்தாச்சு மாப்ள. இருக்கிற மானிட்டரைத் தெரியலங்குது. ஆனா வலது பக்கம் வேற ஒண்ணு இருக்குன்னு காட்டுது. அங்க நான் எதையும் மாட்டவே இல்ல."

"அதைப் பேய் மானிட்டர்னு சொல்லுவோம். புது டிரைவர் சில நேரம் இல்லாததையெல்லாம் இருக்குன்னு சொல்லும். செட்டிங்ஸ்ல போய் அதை ஆஃப் பண்ணி விடுங்க, சரியாயிடும்."

பேர் வைத்திருக்கிறான் பார் என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தான். ஆனால் உடனே அணைக்க முடியவில்லை. திறந்து வைத்த கைப்பிரதி அந்த இல்லாத திரைக்குள்தான் போய் உட்கார்ந்திருந்தது. எங்கே கிடக்கிறது என்று தெரிந்தால் இழுத்துவிடலாம். அதற்கு ஒரு வழி அவனுக்குத் தெரியும்: ஸ்கிரீன்ஷாட். கணினி தன்னிடம் எத்தனை திரை இருப்பதாக நினைக்கிறதோ, அத்தனையையும் ஒரே படமாக எடுத்துக் கொடுத்துவிடும்.

எடுத்தான். படத்தின் இடது பாதியில் அவன் திரை, அரைகுறைப் பக்கத்தோடு. வலது பாதியில் கைப்பிரதி இல்லை; ஒடுக்கமாக, உயரமாக ஒரு அறை. ஜன்னலில் மழை வழிந்தது. மஞ்சள் போர்வைக்கு வெளியே ஒரு சின்னப் பாதம் நீட்டிக்கொண்டிருந்தது.

குட்டியின் அறை. அந்தப் போர்வையை இன்று மதியம்தான் மாற்றிப் போட்டிருந்தான்.

எழுந்து போய்க் கதவைத் தள்ளிப் பார்த்தான். எல்லாம் படத்தில் இருந்தபடியே இருந்தது. கேமரா என்று எதுவும் இந்த வீட்டில் கிடையாது. திரும்பி வந்து கட்டளை கொடுத்து, கணினி கண்டுபிடித்த திரைகளின் அளவை வாங்கினான். மில்லிமீட்டர் அவன் பிழைப்பு. அகலத்தைவிட உயரம் இரண்டு மடங்குக்கு மேல், ஆளைவிட உயரம் என்று பார்த்ததுமே புரிந்தது. அப்படி ஒரு மானிட்டரை எவனும் செய்வதில்லை. அளவு டேப்பை எடுத்துக் கதவு நிலையை அளந்தான். அகலம் சரி. உயரமும் சரி. ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகவில்லை. டேப் அவன் கையிலிருந்து சரேலென்று சுருண்டுகொண்டது.

மறுபடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். எடுத்திருக்க வேண்டாம்.

அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில், துடைப்பம்கூட நிற்க இடமில்லாத அந்த இடுக்கில், ஒருவர் நின்றிருந்தார். உயரம். தலை மேற்கூரையை ஒட்டிச் சாய்ந்திருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் படம் கொஞ்சம் கலங்கியிருந்தது.

ஓடினான். இடுக்கில் யாரும் இல்லை. கையை விட்டுத் துழாவினான். சுவரின் ஈரம்தான் பட்டது. கட்டிலில் குட்டி புரண்டு படுத்தாள். தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று ஒரு கணம் குனிந்தான். தூக்கினால் எழுந்துவிடுவாள், எழுந்தால் அழுவாள், இன்றே அனுப்பியாக வேண்டிய பக்கங்கள் பாதியில் கிடந்தன. கிராபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் பழைய படங்களின் மிச்சம் கிடக்கும் என்று மைத்துனன் எப்போதோ சொன்னதை வலிய நினைவுபடுத்திக்கொண்டான். போர்வையை இழுத்து அந்தப் பாதத்தை மூடிவிட்டு வந்தான். கதவையும் சாத்தினான், தன் தட்டச்சுச் சத்தம் கேட்காமல் இருக்கட்டும் என்று.

உட்கார்ந்தான். இன்னும் ஒன்று, அவ்வளவுதான் என்று விசையைத் தட்டினான்.

படம் வந்தது.

இடுக்கு காலி.

கட்டிலுக்குப் பக்கத்தில். குனிந்து. போர்வையின் நுனி அதன் விரல்களில். நீளமான விரல்கள்.

அவன் கால்கள் கதவுக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் கை முந்திக்கொண்டது. ஆயுள் பூராவும் வேண்டாததைத் திரையிலிருந்து நீக்கியே பழகிய கை அது. செட்டிங்ஸ். மூன்றாவது திரை. ஆஃப்.

எப்போதும் வரும் பெட்டி வந்தது. இந்த மாற்றத்தை வைத்துக்கொள்ளவா? ஒன்றும் செய்யாவிட்டால் சில நொடிகளில் பழையபடி ஆகிவிடும். நொடிகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டிருந்தன. அதைப் படிக்க எவன் காத்திருக்கிறான். ஆயிரம் தடவை தட்டியதுபோல இப்போதும் தட்டினான்.

வைத்துக்கொள்.

கதவுக்குள் குறட்டை நின்றது. மெல்ல அடங்கவில்லை. ரேடியோவை அணைத்ததுபோலப் பட்டென்று அறுந்தது.

பாய்ந்துபோய்க் கதவைத் திறந்தான். நெற்றி எதிலோ மோதியது. நிலை முழுக்கக் கறுப்பு. இருட்டில்லை, இருட்டுக்குள் கையை விடலாம். இது வழவழப்பாக, தட்டையாக, விளிம்போடு விளிம்பு பொருந்தி நின்றது. அப்போதுதான் அணைத்த திரையின் வெதுவெதுப்பு அதில் இருந்தது. குத்தினான். நாற்காலியால் அடித்தான். நாற்காலியின் கால்தான் உடைந்தது.

கணினிக்கு ஓடினான். கட்டளை. பட்டியல். அந்த மூன்றாவது திரையின் வரி இல்லை. மறுபடி. இல்லை. அவசரத்தில் எழுத்துகள் தப்பின. மறுபடி. புதிய திரை எதுவும் கண்டறியப்படவில்லை. போன்.

"மாப்ள, அந்த மானிட்டரை ஆஃப் பண்ணிட்டேன். திரும்ப வேணும். எப்படியாவது வேணும்."

"பெட்டி வந்திருக்குமே மாமா. தொடாம விட்டிருந்தா தானாவே திரும்பியிருக்கும். ஓகே குடுத்துட்டீங்களா?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அவன் மறுபடி அந்தக் கட்டளையைத் தட்டினான்.

"மாமா? அழறீங்களா? இல்லாத மானிட்டர்தானே, அது போனா என்ன?"

போன் கையிலிருந்து விழுந்தது. அதற்குள்ளிருந்து மைத்துனன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான்.

அவன் தவழ்ந்து கதவுக்கு வந்தான். தன் மேல் அவனுக்கு வந்த வெறுப்புக்கு அளவில்லை. ஒரு தூக்கம் கலையக் கூடாதென்று பிள்ளையை அங்கேயே விட்டுவந்தவன் அவன். கன்னத்தைக் கறுப்பில் வைத்து, "குட்டி, குட்டிம்மா, அப்பா இங்கதான் இருக்கேன்டா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் மூச்சு அதில் படிந்து, விலகியது.

விலகிய இடத்தில் அவன் பிம்பம் தெரிந்தது. அவனுக்குப் பின்னால் ஹால். மேசை. கவிழ்ந்த நாற்காலி. நாற்காலிக்குப் பக்கத்தில் குட்டி.

திரும்பினான். ஹாலில் யாரும் இல்லை.

மறுபடி கறுப்பைப் பார்த்தான். அவள் அங்கேதான் நின்றாள். தூக்கம் கலையாத முகம். கலைந்த முடி. மேலே தூக்கிய ஒரு கை. அந்தக் கையை, நிலையின் மேல் விளிம்புக்கும் மேலேயிருந்து இறங்கி வந்த நீளமான விரல்கள் பிடித்திருந்தன. அவள் பயப்படவில்லை. கண்ணைக் கசக்கினாள். தலையை அண்ணாந்து, அந்த உயரத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

சத்தம் வரவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன.

"அப்பா."