மண்தொடு அனுமதி

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்து முடித்ததும் வெண்பா ஜீப் ஓட்டப் போவாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையைத் திறப்பாள், டயர்களைத் துடைப்பாள், ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகுவாள். இரண்டு முறை இருமிவிட்டு இன்ஜின் பிடித்துக்கொள்ளும். கிளட்சை மிதித்து முதல் கியர், இரண்டாம் கியர் என்று மாற்றுவாள். ஸ்டியரிங்கை வளைப்பாள். வளைவு வருகிற மாதிரி ஹாரன்கூட அடிப்பாள். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இறங்கும்போது ஜீப் நின்ற இடத்திலேயே நிற்கும். நான்கு சக்கரங்களும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், இரும்புத் தாங்கிகளின் மேல், காற்றில் சுற்றி ஓய்ந்திருக்கும்.

"இன்னைக்கு எது வரைக்கும் போயிட்டு வந்த?" என்று கவின்பாண்டி அடுப்படியிலிருந்து கேட்பான்.

"போடிமெட்டு வரைக்கும்."

"மேட்டுல மழையா?"

"வாயை மூடிக்கிட்டு தோசையை ஊத்துங்க."

இருபத்தெட்டு வருடத் தாம்பத்தியத்தில் இந்தக் கேலிக்கு மட்டும் வயதாகவே இல்லை. கேலி செய்வதில் நியாயமும் இருந்தது, அதுதான் வெண்பாவுக்கு எரிச்சல். ஜீப் என்பது மலையேறப் பிறந்த வண்டி. போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை அள்ளித் திணித்துக்கொண்டு, ரோடு இல்லாத இடத்திலெல்லாம் ஏறி இறங்கிய வண்டி. நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து விசை கொடுக்க அதில் தனியாக ஒரு குட்டி கியர் கம்பு உண்டு. அந்தக் கம்பை அவள் துடைக்காத வாரமில்லை, போடாத வாரமுமில்லை. போட்டு என்ன பயன்? நான்கு சக்கரமும் ஒற்றுமையாகக் காற்றில் சுற்றும்.

மண்ணில் சக்கரம் படக்கூடாது. அதுதான் சட்டம். மலைச்சரிவுகள் அடுத்தடுத்துப் பிடுங்கிக்கொண்டு வந்த அந்தக் கெட்ட வருடங்களுக்குப் பிறகு, சாலை போக மிச்சமுள்ள மண்ணையெல்லாம் ஓய்வு நிலம் என்று அறிவித்துவிட்டார்கள். சாலையில் தடவண்டிகள் போகும். ஏறி உட்கார்ந்து ஊர்ப் பெயரைச் சொன்னால் போதும், தூங்கிக்கொண்டே போய்ச் சேரலாம். சாலை ஓரத்து வெள்ளைக்கோட்டைத் தாண்ட அந்த வண்டிகளுக்குத் தெரியாது. தெரியாத மாதிரிதான் செய்திருக்கிறார்கள். மனிதர் இறங்கி நடக்கலாம், தடையில்லை. ஆனால் வண்டி வீட்டு வாசலில் வந்து நிற்கும்போது எவன் நடப்பான்?

பழைய வண்டிகளுக்கு மட்டும் சட்டத்தில் ஒரு சின்னச் சந்து விட்டிருந்தார்கள். பழமை மாறாமல், ஒரு சொட்டு எண்ணெய்கூடக் கசியாமல் காப்பாற்றப்பட்ட வண்டி என்று மதிப்பாளர் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு கொடுத்தால், அது ஆண்டுக்கு ஒரு மணி நேரம் மண்ணில் ஓடலாம். அதற்குப் பெயர் மண்தொடு அனுமதி. மாநிலத்தில் அதுவரை யாரும் அதை வாங்கியதில்லை. பலர் வண்டியை வரவேற்பறையில் பூந்தொட்டி வைக்கிற பீடமாக்கிவிட்டார்கள். இன்ஜின் உயிரோடு இருக்கிற நான்கு சக்கர இயக்க வண்டி இவளுடையது ஒன்றுதான் மிச்சம்.

வெண்பா பதினொரு வருடமாக அந்த ஒரு மணி நேரத்துக்காக உயிரை விட்டுக்கொண்டிருந்தாள். கொட்டகைக்குப் பின்னால் பழைய ஜீப் பாதை ஒன்று ஓடையைக் கடந்து மலை ஏறுகிறது. புல் மூடிக் கிடக்கும் அந்தப் பாதையில் ஒரே ஒரு முறை சொந்தக் கையால் ஓட்டிப் போக வேண்டும். வேறு ஆசை கிடையாது. சென்ற முறை தொண்ணூற்றேழு கிடைத்தது. தார்ப்பாய்க் கூரையில் ஒரு பித்தளைக் கொக்கி அசல் இல்லையாம். அந்தக் கொக்கிக்காகக் கோயம்புத்தூர் வரை அலைந்து, ஒரு கிழவரிடம் கெஞ்சி வாங்கி, இந்த வருடம் மாட்டிவிட்டாள். கணக்குச் சரி. தொண்ணூற்றெட்டு கையில் இருக்கிறது.

மதிப்பீட்டு நாள் காலையில் கவின்பாண்டி துணியில் சுற்றிய எதையோ கொண்டுவந்து பானெட்டின் மேல் வைத்தான். பிரித்தால், இந்த வகை ஜீப்போடு அந்தக் காலத்தில் கொடுத்த கருவிப் பை. ஜாக்கி, அதன் கைப்பிடி, ஸ்பானர், எல்லாம் அசல்.

"எங்க புடிச்சீங்க?"

"கம்பத்துல ஒருத்தன் வீட்டுல, அம்மிக்கு முட்டுக் குடுத்து வச்சிருந்தான். ரெண்டு வருசமா அவன் பின்னாடியே அலைஞ்சேன். முன்னாடியே சொன்னா நீ தலைகால் புரியாம குதிப்பேன்னுதான் சொல்லல."

வாரா வாரம் கேலி செய்த மனுஷன் இரண்டு வருடமாக இதைத் தேடியிருக்கிறான். "இன்னைக்கு மட்டும் அனுமதி கிடைக்கட்டும், முதல்ல உங்களைத்தான் ஏத்திட்டுப் போவேன்" என்றாள். கருவிப் பையை இருக்கைக்கு அடியில் அதற்குரிய இடத்தில் வைத்தாள்.

மதிப்பாளர் ஜோயல் பத்து மணிக்கு வந்தார். நாற்பது வயது, பழைய வண்டி என்றால் சோறு தண்ணி வேண்டாம் அவருக்கு. இன்ஜினைப் போடச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு டீசல் வாடையை இழுத்தார். பிறகு மதிப்பி என்கிற கைக்கருவியை வண்டி முழுக்கக் காட்டினார். பெயின்ட், கண்ணாடி, திருகாணி, டயரின் பள்ளம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தவர், கருவிப் பையைக் கண்டதும் குழந்தை மாதிரி சிரித்தார்.

"அக்கா, இதைப் படத்துலதான் பாத்துருக்கேன். இதுக்கே ரெண்டு மார்க்கு."

"அப்ப தாண்டிருச்சா?"

"தாண்டிருச்சாவா? நூறு அக்கா. நூத்துக்கு நூறு. நான் வேலைக்குச் சேந்ததுலருந்து ஒருத்தருக்கும் போட்டதில்ல." அவர் பொத்தானை அழுத்தினார். மதிப்பி பச்சையாக ஒளிர்ந்தது. பிறகு சிவப்பாக மாறியது. ஜோயலின் முகத்திலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது.

"என்ன தம்பி?"

"முழுமைச் சான்று, இயக்கத் தடைன்னு வருது." அவர் திரும்பத் திரும்ப வாசித்தார். "நூறு வாங்குன வண்டி காட்சிப் பொருளாம். இனிமே ஓட்டக்கூடாதாம். நாளைக்குக் காலையில உறைவண்டி வந்து இன்ஜினுக்குள்ள கண்ணாடிப் பிசினை ஊத்தி மூடிருவாங்களாம். சத்தியமா இப்படி ஒரு விதி இருக்குறது எனக்கே தெரியாதுக்கா. இதுவரைக்கும் யாரும் நூறு வாங்குனதில்லையே."

"அப்ப ரெண்டைக் குறைங்க."

"பதிஞ்சிருச்சுக்கா. மாத்த முடியாது."

கவின்பாண்டி கருவிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

துறைக்குப் பேசினால் மனிதர் யாரும் எடுப்பதில்லை, குறைதீர் குரல்தான் எடுக்கும். கோபமே வராத குரல். கோபத்தோடு பேசுகிறவர்களை இன்னும் கோபப்படுத்த வேறு எதுவும் தேவையில்லை.

"அன்புடையீர், உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது."

"புரிஞ்சா சரி பண்ணு. எனக்குத் தொண்ணூத்தெட்டு போதும்."

"வண்டி இயல்பாகத் தேய்ந்தால் மதிப்பு தானாகக் குறையும்."

"இயல்பாத் தேயணும்னா என்ன பண்ணணும்?"

"மண்ணில் ஓட்ட வேண்டும்."

"ஓட்டத்தான் தடை போட்டுட்டியே."

"ஆம். தேய்ந்தால் ஓட்டலாம்."

"நானே ஒரு சுத்தியலை எடுத்து ஒரு அடி அடிச்சா?"

"உரிமையாளரே சேதப்படுத்தினால் வண்டி பறிமுதல் செய்யப்படும். வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?"

வெண்பா அலைபேசியைச் சோபாவில் விட்டெறிந்தாள். பதினொரு வருடம். ஒரு கீறல் விழாமல், ஒரு துரு ஏறாமல், பெற்ற பிள்ளையைக்கூட இப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. கொஞ்சம் அசிரத்தையாக இருந்திருந்தால் இன்றைக்குக் கையில் அனுமதி இருந்திருக்கும். நன்றாகப் பார்த்துக்கொண்டதுதான் தப்பாகப் போய்விட்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"நான் அந்தப் பையைக் கொண்டாராம இருந்திருக்கலாம்" என்றான் கவின்பாண்டி.

"ஆமா, இருந்திருக்கலாம்" என்றாள் வெண்பா. சொன்ன பிறகு அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டாள். சுத்தியலை எடுத்தாள்தான். பானெட்டுக்கு நேராக ஓங்கினாள்தான். கை இறங்கவில்லை. சுத்தியலை வைத்துவிட்டு, ஓங்கியபோது பானெட்டில் பட்டிருந்த விரல் ரேகையைத் துணியால் துடைத்துவிட்டு வந்து படுத்தாள்.

விடியும்போது அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். காபிகூடப் போடவில்லை. கவின்பாண்டியை எழுப்பினாள். "பின்னாடி கதவைத் திறங்க. தாங்கியை எடுக்கணும்."

"பறிமுதல் பண்ணிருவாங்க வெண்பா."

"பிசின் ஊத்துனா மட்டும் என் வண்டியா இருக்கப்போகுதா? பொம்மையா வச்சுக் கும்புடவா?"

அவன் போய்ப் பின்கதவைத் திறந்தான். அவன் கொண்டுவந்த அசல் ஜாக்கியையே போட்டு, தாங்கிகளை ஒவ்வொன்றாக உருவினார்கள். பதினொரு வருடத்தில் முதல்முறையாக ஜீப் தன் பாரத்தோடு தரையில் உட்கார்ந்தபோது ஸ்பிரிங்குகள் முனகின. வெண்பா சாவியைத் திருகினாள். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோனது.

காற்றில் ஓட்டியே பழகிய காலுக்கு மண்ணின் பாரம் புரியவில்லை. மறுபடி போட்டாள், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறையும் அதே கதை. கவின்பாண்டி பக்கத்து இருக்கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயே திறக்காமல் இருந்தான். அந்த மௌனத்துக்காகவே அவனை ஏழு ஜென்மத்துக்கும் கட்டிக்கொள்ளலாம். ஐந்தாம் முறை, எந்தப் புண்ணியமோ, வண்டி நகர்ந்தது.

நகர்ந்தது. கொட்டகை வாசலைத் தாண்டி, கொட்டகைவரை வரும் சாலையின் வெள்ளைக்கோட்டைத் தாண்டி, புல்லில் இறங்கியது. இருக்கைக்கு அடியில் பூமி மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. திரும்ப வேண்டிய இடத்தில் அவள் திருப்பினாள், வண்டி திரும்பியது. வெண்பா வாய்விட்டுச் சிரித்தாள். குட்டி கியர் கம்பைத் தட்டிவிட்டு ஓடைக்குள் இறக்கினாள்.

ஓடைச் சேற்றில் ஜீப் நின்றுபோனது. முடுக்கினாள். நான்கு சக்கரமும் சுற்றின. வண்டி ஓர் அங்குலம் நகரவில்லை, கீழேதான் இறங்கியது. கவின்பாண்டி குதித்து இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்தான்.

"கல்லு மாதிரி இருக்கு வெண்பா. பள்ளமெல்லாம் புதுசா இருக்கு, ஆனா ரப்பரே செத்துப்போச்சு. சேத்தைப் புடிக்கவே மாட்டேங்குது."

அசல் டயர். மாற்றினால் மூன்று மதிப்பெண் போய்விடும் என்று அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்த டயர். வெண்பா ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டாள்.

உறைவண்டி எட்டு மணிக்கு வந்தது. வெள்ளைக்கோட்டில் வந்ததும் நின்றுவிட்டது. அதன் நீண்ட இயந்திரக் கை ஓடைப் பக்கமாக நீண்டு, எட்டாமல், திரும்ப மடங்கிக்கொண்டது. பின்னாலேயே தடவண்டியில் ஜோயலும் வந்து இறங்கினார். ஓடைக்குள் சாய்ந்து நிற்கும் ஜீப்பையும், முழங்கால்வரை சேறாக நிற்கும் இரண்டு பேரையும் பார்த்தார். மதிப்பியைத் தூக்கி அங்கிருந்தே காட்டினார்.

"எண்பத்தொம்பதுக்கா" என்றார் வருத்தத்தோடு. "பறிமுதல் உத்தரவும் வந்துருச்சு. வண்டியை ரோட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுது."

"அது வருதான்னு நீங்களே கேட்டுப் பாருங்க தம்பி."

ஜோயல் குறைதீர் குரலைக் கூப்பிட்டார். வண்டி மண்ணில் மாட்டிக்கொண்டது, இழுத்துவர ஏதாவது அனுப்புங்கள் என்றார். குரல் கொஞ்ச நேரம் தேடியது. பிறகு வெண்பாவின் அலைபேசி அடித்தது.

"அன்புடையீர், உங்கள் பகுதியில் ஒரு வண்டி ஓய்வு நிலத்தில் சிக்கியுள்ளது. மண்ணில் இறங்கும் திறனுள்ள வண்டி மாநிலத்தில் ஒன்றே ஒன்றுதான் பதிவாகியுள்ளது. அது உங்களுடையது. மீட்புப் பணிக்கு அதை அனுப்பி உதவ முடியுமா?"

வெண்பாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "ஆகட்டும், அனுப்புறேன்" என்றாள்.

"நன்றி. அவசரநிலை கருதி, உங்கள் வண்டிக்கு ஒரு மணி நேர மண்தொடு அனுமதி வழங்கப்படுகிறது. நேரம் இப்போது தொடங்குகிறது."

திரையில் அனுமதி வந்து நின்றது. அரசு முத்திரை, அவள் பெயர், ஜீப்பின் எண், ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம். பதினொரு வருடமாகக் கனவில் பார்த்ததைவிட அழகாகவே இருந்தது. சேற்றுக் கையோடு அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அலைபேசியை ஜாக்கெட்டுக்குள் சொருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"தள்ளுங்க" என்றாள்.

கவின்பாண்டி பின்னால் போய்த் தோளைக் கொடுத்தான். ஜோயல் வெள்ளைக்கோட்டில் நின்று யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மண்ணில் இறங்கி வந்தார். அவர் கால் கூசிக் கூசி விழுந்ததைப் பார்த்தால், வெறும் மண்ணை மிதிப்பது அதுதான் முதல்முறை போலிருந்தது. அவரும் தோளைக் கொடுத்தார்.

இன்ஜின் உறுமியது. நான்கு சக்கரங்களும் சுற்றிச் சேற்றை வாரி இரண்டு பேர் முகத்திலும் அடித்தன. வண்டி நகரவில்லை. கல்லைப் போட்டுப் பார்த்தார்கள், தழையை வெட்டிப் போட்டுப் பார்த்தார்கள். கொட்டகையில் சுற்றிய மாதிரியே இங்கும் சக்கரங்கள் சும்மா சுற்றின. வெயில் ஏறிக்கொண்டே போனது. ஜாக்கெட்டுக்குள்ளிருந்து, அனுமதி நேரம் முடிந்துவிட்டது, ஒத்துழைப்புக்கு நன்றி என்று குரல் சொன்னது.

கவின்பாண்டி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். முகத்தில் கண்ணைத் தவிர மற்றதெல்லாம் சேறு.

"எது வரைக்கும் வந்திருக்கோம்?" என்று கேட்டான்.

வெண்பா திரும்பிப் பார்த்தாள். கொட்டகையின் திறந்த கதவும், உள்ளே நான்கு தாங்கிகளும் நன்றாகவே தெரிந்தன.

"ஓடை வரைக்கும்" என்றாள். கிளட்சை மிதித்தாள். "இன்னொரு தடவை தள்ளுங்க."