ஏழாவது வரி

டாக்டர் சொன்னது ஆறு காயங்கள். திரையில் ஏழு வரிகள் இருந்தன.

'டைப்பம்மா' என்றே பிணவறையில் எல்லோரும் கூப்பிடும் அவள், மறுபடி எண்ணிப் பார்த்தாள். ஏழுதான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் மேஜையில் ஒரு லாரி ஓட்டுநரின் உடல் கிடந்தது. மருந்து நெடியையும் மீறி ரத்தத்தின் துருவாடை வந்து அவள் நாக்கில் ஒட்டியது. டாக்டர் ஒவ்வொரு காயமாகச் சொல்வார், அவள் அடிப்பாள். மகளின் பள்ளிக் கணினிப் புத்தகத்தைப் பார்த்து அவளே எழுதிய குட்டி நிரல் ஒவ்வொன்றையும் ஒரு வரியாகக் கோப்பில் எழுதி, கடைசியில் வாசித்துக் காட்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"சார், 'வலது கை விரல்கள் ஐந்தும் நசுங்கின'ன்னு ஒண்ணு இருக்கு. நீங்க சொன்னீங்களா?"

டாக்டர் பிணத்தின் கையைத் தூக்கிப் பார்த்தார். "இவனுக்கு விரலெல்லாம் நல்லாத்தானே இருக்கு? தூங்கிக்கிட்டே அடிச்சியாம்மா?"

சிரித்தபடியே அடுத்த உடலை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தார். இரும்புக் கதவு அவர் கைமேல் அறைந்து மூடியது.

கல்கண்டைக் கடித்தாற்போல ஒரு சத்தம். பிறகுதான் அலறல்.

அவள் ஓடிப்போய், பலங்கொண்ட மட்டும் கதவை இழுத்தாள். வெளியே வந்த கையில் விரல்கள் விரல்களாக இல்லை. "யாரையாவது கூப்பிடும்மா!" என்று டாக்டர் கத்தினார். தன் மேஜையிலிருந்த தொலைபேசியை எடுக்க வந்தவள் திரையைப் பார்த்துவிட்டாள்.

நிரல் தானாக ஓடியிருந்தது.

'எட்டு: இடது கண் கிழிந்தது.'

பின்னால் டாக்டர் தடுமாறி விழுந்தார். கருவித் தட்டு கவிழ்ந்தது. "கண்ணு... அய்யோ, என் கண்ணு!"

'ஒன்பது: தாடை உடைந்தது.'

அவள் திரும்பவில்லை. கேட்டது. போதும்.

தொலைபேசியில் உயிரில்லை. வாசல் கதவு அசையவில்லை.

'பத்து: பெண். வயது நாற்பத்தொன்று. கழுத்தில்'

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. வரி இன்னும் முடியவில்லை. எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன.

நிரலுக்குள், கோப்பைத் திறக்கும் வரியில் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அது இருந்தால் புதியது பழையதோடு சேரும். 'டபிள்யூ' என்று மாற்றினால் பழையது மொத்தமும் துடைக்கப்பட்டுவிடும். மாற்றினாள். அவசரத்தில் இரண்டு முறை தப்பாக அடித்தாள். கழுத்தில் ஏதோ சில்லென்று பட்டது. மூன்றாம் முறை சரியாக விழுந்தது. ஓடவிட்டாள்.

திரை வெறுமை. ஒரு காயம்கூட இல்லை.

அலறல் நின்றது.

"சார்?"

மெல்லத் திரும்பினாள்.

மேஜையில் கிடந்த உடல் வழவழவென்றிருந்தது. ஒரு வெட்டு இல்லை. டாக்டர் எழுந்து நின்றிருந்தார். ரத்தம் இல்லை. கை இருந்தது, விரல்கள் இல்லை. முகம் இருந்தது. கண் இல்லை. மூக்கு இல்லை. எல்லாம் துடைத்தெடுத்து, முட்டை ஓடு மாதிரி வெறும் தோல்.

வாய் இருக்கவேண்டிய இடத்தில் அந்தத் தோல் உள்ளே இழுபட்டது. உப்பியது. மறுபடி இழுபட்டது.