தந்தியைத் தொடாத வில்

“உங்களுக்குக் காது கேக்குமா, கேக்காதா?”

அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான். மேடைக்குப் பின்னால், ஒலிபெருக்கிப் பெட்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே, வயலினை மார்போடு அணைத்தபடி நின்று கேட்டான். குரல் உயரவில்லை. கண்கள்தான்... அழுது முடித்த கண்களா, அழப்போகும் கண்களா என்று சொல்ல முடியாத கண்கள்.

அவளுக்குப் பதில் வரவில்லை. சட்டென்று பதில் வரும் பெண்ணாக இருந்தால் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றிருக்க மாட்டாள். வகுப்பில் எழுந்து பாடத்தை வாசி என்றால் வார்த்தை வெளியே வராது. வீட்டில் அவளுக்கு ‘மௌனசாமி’ என்றே பெயர்.

அன்றைய பாட்டு நிகழ்ச்சியைப் படமெடுக்க வேண்டியவள் அவளுடைய அக்கா. ஸ்டுடியோ அக்காவுடையது. எட்டு மாத வயிற்றோடு மூன்று மணி நேரம் நிற்க முடியாது என்பதால், அதுவரை பாஸ்போர்ட் படங்களை வெட்டி உறையில் போட்டுக்கொண்டிருந்த தங்கையின் கழுத்தில் கேமராவை மாட்டி அனுப்பிவிட்டாள். ஃப்ளாஷ் போடாதே, பாடுகிறவர் வாயை மைக் மறைக்காமல் எடு என்றெல்லாம் வாசல்வரை வந்து சொன்னவள், கேமரா எழுப்பும் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

முதல் அரை மணி நேரம் எல்லாமே தப்பு. சிவப்பு விளக்கில் பாடகரின் முகம் உருகிய மெழுகாக விழுந்தது. நீல விளக்கில் டிரம்ஸ் வாசிப்பவரின் கைகள் புகையாகக் கலைந்தன. கண் கலங்கும் நேரத்தில்தான் மேடை ஓரத்தில், நிறம் மாறாத ஒரே வெள்ளை விளக்கின் கீழே, அவனைப் பார்த்தாள். பாடகரின் தம்பி. தாடையை வயலினில் சாய்த்து, இமைகளை மூடி...

வெளிச்சம் நன்றாக இருக்கிறது, அதற்காகத்தான், என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

லென்ஸ் வழியாக ஓர் ஆளைக் கூச்சமே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. ஒருமுறை அவன் இமை திறந்து நேராகப் பார்த்தான். அவள் கேமராவை இறக்கவில்லை.

அப்புறம் எல்லா வாத்தியங்களும் ஓய்ந்தன. அவன் மட்டும் மெதுவாக, மிக மெதுவாக ஒரு ராகத்தை இழைத்தான். அரங்கமே அசையாமல் இருந்தது. அவள் கேமராப் பொத்தானை அமுக்கினாள். டக்... டக்... டக். முன்வரிசைத் தலைகள் திரும்பின. இழை அறுந்தாற்போல வாசிப்பு நின்றது. நிகழ்ச்சி முடிந்ததும்தான் மேடைக்குப் பின்னால் அந்தக் கேள்வி.

மறுநாள் காலை அக்கா கணினியில் படங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். முந்நூறு படங்களில் பாடகருக்கு நாற்பதுகூடத் தேறவில்லை. இருநூறு அவனே.

“ஏண்டி, படம் எடுக்கப் போனியா, மாப்பிள்ளை பாக்கப் போனியா?”

மூன்று மணிக்குப் பாடகர் வருவார், சாயங்காலம் அடுத்த ஊரில் நிகழ்ச்சி, போகிற வழியில் மொத்தப் படங்களையும் வாங்கிக்கொள்வார், அதற்குள் தரம் பிரித்து வை என்று சொல்லிவிட்டு அக்கா மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

அவள் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். எங்கோ இடித்தது. இன்னும் பெரிதாக்கினாள். வேகமான பாட்டுகளில் வயலின் வில் தந்தியைத் தொடவே இல்லை. ஒரு நகக்கண் அளவு இடைவெளி. எல்லாப் படத்திலும். இடது கையின் மோதிர விரல் மட்டும் மடங்காமல் விறைத்து நின்றது. மற்ற வாத்தியங்கள் முழங்கும்போது அவன் வாசிப்பதுபோல் காட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். விரல் ஓடவில்லை. உண்மையாக வாசித்தது அந்த மெதுவான ராகத்தை மட்டும்தான்... அதில்தான் இவள் டக் டக்கென்று அமுக்கியிருக்கிறாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

இரண்டரை மணிக்கு ஸ்டுடியோக் கதவு திறந்தது. நனைந்த தலையோடு, தோளில் வயலின் பெட்டியோடு அவன். வேன் டீசல் போட நிற்கிறதாம், இவன் மட்டும் முன்னால் நடந்து வந்துவிட்டானாம்.

“நேத்து அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. மன்னிச்சிடுங்க.”

தலையாட்டினாள்.

“பேசவே மாட்டீங்களா?”

“பேசுவேன்... வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாகும்.”

முதல்முறையாகச் சிரித்தான். சிரிப்பு அடங்குவதற்குள்ளேயே, தன் படங்களை மட்டும் அழித்துவிட முடியுமா என்று கேட்டான். படத்தில் தன் முகம் நன்றாக விழாதாம். அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். அந்த நகக்கண் இடைவெளி திரை முழுக்க நின்றது. அவன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் சரிந்தான்.

“விரலுக்கு என்ன?” என்றாள்.

ஐந்து மாதமாக யாரும் கேட்காத கேள்வி. அவன் இடது கையை மேசை விளக்கின் கீழே நீட்டினான். ஆறு மாதம் வயலினைத் தொடக்கூடாது, தொட்டால் விரல் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அண்ணனிடம் அதை மறைத்துவிட்டான். அப்பா போனபின் அண்ணன்தான் தூக்கி வளர்த்தார். எட்டு வயதிலிருந்து அண்ணனின் பக்கத்து நாற்காலி இவனுடையது.

“அந்த நாற்காலி இல்லேன்னா, அண்ணனுக்கு நான் யாரு?”

திரையில் வரிசை வரிசையாகத் தன் முகத்தையே பார்த்தவன் மெல்லக் கேட்டான். “என்னை மட்டும் ஏன் இத்தனை?”

வெளிச்சம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதுவும் ஒரு தொடாத வில்தானே என்று தோன்றியது.

“உங்களைப் பாத்துட்டே இருந்தேன். பாட்டு முடிஞ்சதுகூடத் தெரியல. இன்னும்... பாத்துட்டே இருக்கணும்போல இருக்கு.” நிறுத்தினால் இனி வராது என்று பயந்து தொடர்ந்தாள். “அழிக்கச் சொன்னா அழிச்சிடறேன். ஆனா மெதுவா வாசிச்சீங்களே... அப்புறம் அதுவும் போயிடுமே.”

அவன் விறைத்த விரலை மறு கையால் தடவினான்.

“என்கிட்ட மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதாங்க. அதைக் கெடுத்துட்டீங்கன்னுதான் நேத்து கோபம். அதை ஒருத்தர் இப்படிப் பாத்திருக்காங்கன்னு தெரிஞ்சிருந்தா...” முடிக்கவில்லை. “விரல் சரியானதும் உங்களுக்குத்தான் முதல்ல வாசிக்கணும். உங்களுக்கு மட்டும்.”

வாசலில் வேன் வந்து நின்றது. பாடகர் செருப்பை உதறிவிட்டு உள்ளே வந்தார், தயாரா என்று கேட்டுக்கொண்டே. அவள் கை அழிக்கும் பொத்தானின் மேல் இருந்தது. அவனைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையசைத்தான். எழுந்து, தானே திரையை அண்ணன் பக்கம் திருப்பினான்.

“பாருண்ணா.”

பாடகர் குனிந்து பார்த்தார். அடுத்த படத்துக்குத் தானே தள்ளினார். அடுத்தது. அடுத்தது. பத்துப் பன்னிரண்டு படங்களுக்குப் பிறகு நிமிர்ந்து தம்பியின் இடது கையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். எப்போதும் தரையைத் தேடும் அவள் கண்கள் அன்று தாழவில்லை.

வெளியே ஹாரன் இரண்டு முறை ஒலித்தது.

பாடகர் வயலின் பெட்டியைத் தூக்கினார். வழக்கம்போல வாங்கிக்கொள்ளத் தம்பி இடது கையை நீட்டினான். அந்தக் கைக்கு எட்டாதபடி அவர் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். “விரல் ஆறட்டும்” என்றவர், கதவைத் தாண்டியதும், மழைச்சாரல் உள்ளே அடிக்காதபடி அதைச் சாத்திவிட்டு, தம்பி இல்லாமலே வேனில் ஏறிப் போனார்.