நெல் காயும் கோர்ட்டு

உலகப் படத்தில் பொட்டு ஒட்டும் வேலை வானதியிடம் வந்தது. உலகின் முதல் நூறு டென்னிஸ் வீராங்கனைகளுக்கு, அவரவர் நாட்டின் மேல், ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு. ஐரோப்பாவில் பொட்டு வைக்க இடமே இல்லை!

"நம்ம பக்கம் காலியாக் கிடக்கே, டீச்சர்?"

"வசதியான நாடுகள்ல தெருவுக்குத் தெரு கோர்ட்டு இருக்கும். சொல்லிக்கொடுக்க ஆளும் இருக்கும்" என்றார் கமருன்னிஸா டீச்சர். "ஆனா அது மட்டுமே இல்ல. அவ்வளவு வசதியில்லாத நாட்டுலயும் ஒண்ணு ரெண்டு பொட்டு இருக்கு பாரு."

அட்டையில் ஒரு பொட்டு மிஞ்சியது. வானதி அதைத் தன் டென்னிஸ் மட்டையின் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டாள்.

அதன்பிறகு அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சனிக்கிழமை தஞ்சாவூரில் போட்டி. முதல் ஆட்டத்தில் ஜெயித்தால்தான் பயிற்சி முகாமில் சேர்ப்பார்கள். இன்னும் மூன்றே நாள்! பள்ளி விட்டதும் மட்டையோடு வைத்தியலிங்கம் மாமாவின் சிமெண்ட் களத்துக்கு ஓடினாள். ஊரில் பந்து ஒழுங்காக எழும்பும் இடம் அது ஒன்றுதான்.

களம் முழுக்க நெல் காய்ந்துகொண்டிருந்தது.

"மாமா, ஓரமா கொஞ்சம் இடம்..."

"எங்கம்மா இருக்கு இடம்? ஈரமாப் போனா கொள்முதல் நிலையத்துல திருப்பி அனுப்பிடுவாங்க. வானம் வேற மூட்டம் போடுது. கிளற ஆளும் வரல."

வானதிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. திரும்பி நடந்தாள். நாலடி போனதும் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய களத்தில் மாமா ஒற்றை ஆளாக நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். பாவமாக இருந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு அவளும் இறங்கினாள்.

சும்மா நடக்க அவள் கால்கள் சம்மதிக்கவில்லை. பந்தைத் துரத்துவதுபோல் பக்கவாட்டில் ஓடினாள். சர்ரென்று வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"நெல்லு வழுக்கும்மா!" மாமா சிரித்தார்.

ஐந்தாவது தடவை விழவில்லை. சறுக்கிக்கொண்டே போய் நின்று, மட்டையை வீசினாள். மறுநாள் தோழி ஹஃப்ஸாவும் வந்தாள். காலையும் மாலையும் இருவரும் சறுக்கிச் சறுக்கியே களம் முழுவதையும் கிளறினார்கள்.

வெள்ளிக்கிழமை நெல் காய்ந்து மூட்டையாகி வண்டி ஏறியது. களம் காலியானதும் மழை பிடித்துக்கொண்டது. வானதி ஒரு பந்தைக்கூடத் தட்டவில்லை.

"போச்சுடி" என்றாள் ஹஃப்ஸா.

தஞ்சாவூரில் இருந்தது செம்மண் கோர்ட்டு. எதிரில் நின்ற பெண் அனுராதாவிடம் மூன்று மட்டைகள் இருந்தன. முதல் மூன்று கேமும் அவளுக்கே போயின.

அப்போது ஒரு பந்து தொலைமூலைக்குப் பறந்தது. வானதி ஓடினாள். காலடியில் மண் நழுவியது, நெல் நழுவுவதுபோலவே! கால்கள் தாமாகச் சறுக்கின. மட்டை பந்தைத் தொட்டது.

அதற்குப் பிறகு அவளுக்கு எட்டாத பந்தே இல்லை. ஆறுக்கு நான்கு என்று ஜெயித்தாள்.

கைகுலுக்கும்போது அனுராதா கேட்டாள்: "சூப்பரா சறுக்கறே! உனக்கு யாரு கோச்?"

வானதி மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தாள்.

"கோச்சை நேத்துதான் மூட்டை கட்டி வண்டியில ஏத்திவிட்டோம்!"