அடிமுகம்

காசு நேராக விழுந்திருந்தது. அதுதான் திரிபோனுக்கு முதலில் உறுத்தியது.

பழைய காசின் மேல் புது முகம் அடித்தால் பழைய முகம் முழுசாகப் போய்விடாது. உலையில் சிவக்கக் காய்ச்சி, குறடால் எடுத்து, அச்சின் மேல் வைத்து, மேலச்சைப் பொருத்தி, சம்மட்டியால் ஒரே போடு. என்னதான் ஓங்கிப் போட்டாலும் புதியவரின் தாடிக்குள் பழையவரின் காது தெரியும். கிரீடத்துக்குப் பக்கத்தில் பாதி மூக்கு நிற்கும். அடிமுகம் என்பார்கள். கான்ஸ்டான்டிநோபிளின் நாணயச்சாலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புதிதில்லை. ஆனால் அடிமுகம் எப்போதும் கோணல்மாணலாகத்தான் இருக்கும். குறடு எப்படிக் கவ்வியதோ அப்படித்தானே காசு விழும்? தலைகீழாக, பக்கவாட்டில், ஒருக்களித்து.

இது நேராக இருந்தது. புதுச் சக்கரவர்த்தியின் முகம், தாடி, கிரீடம் எல்லாம் சரி. கண் மட்டும் அவருடையது இல்லை. அச்சு வெட்டியவன் புதியவருக்குச் சின்னக் கண்ணாக வெட்டியிருந்தான். காசில் இருந்தவை அகலமான கண்கள், பழையவருடையவை. அளவெடுத்து வைத்ததுபோல அதே குழியில் உட்கார்ந்திருந்தன.

"என்ன மச்சான், காசுகிட்ட காதல் பண்றியா?" என்றான் கோஸ்மாஸ். திரிபோனின் பெண்டாட்டி அந்தூசாவின் தம்பி. குறடு பிடிப்பது அவன், அடிப்பது இவன். நாணயச்சாலைக்காரன் நாணயச்சாலைக்குள்ளேதான் பெண் எடுக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் உறவும் வேலையும் ஒரே புகைக்குள்தான்.

"இதைப் பாரு."

கோஸ்மாஸ் பார்த்தான். சிரித்தான். "அடேயப்பா. மனுசன் ஊரைவிட்டுப் போனாலும் பார்வையை விடல பாரு. திரும்ப உலையில போடு. அதிகாரி பார்த்தா கை போயிரும். உன் கைதான், என் கை இல்ல."

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று புதியவர் ஊர்வலமாகப் போய் ஜனங்களுக்கு நடுவே காசு இறைப்பார். அதற்கு முந்தின நாள் அரண்மனை அதிகாரி வந்து கூடைகளைச் சோதிப்பார். பழையவரின் கண், மூக்கு, காது எது தெரிந்தாலும் அடித்தவனின் வலது கை மணிக்கட்டோடு போகும். வாசலில் நின்று உத்தரவை உரக்கப் படித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

திரிபோன் அந்தக் காசை உலையில் போட்டான். வலது கட்டைவிரலால் அதன் முகத்தை ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் போட்டான். அது பழக்கம். அடித்த ஒவ்வொரு காசையும் மேலே படிந்த கருகல் செதில் போக ஒருமுறை துடைப்பான். சூடு தெரியாது. பன்னிரண்டு வருஷச் சம்மட்டியில் அந்தக் கை மரத்துப்போயிருந்தது. நெருப்புப் பொறி விழுந்தால் கருகும் வாடை வந்த பிறகுதான் தெரியும். அந்தூசாவின் தலைமுடியைத் தொட்டாலும், கழுதை முதுகைத் தொட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

அந்தக் கையைத்தான் அரண்மனைக்காரர்கள் தேடி வந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், பட்டப்பகலில். பந்தயத் திடலில் ஜனம் கத்திக்கொண்டிருந்த சத்தம் நாணயச்சாலைக்குள்ளும் கேட்டது. தேர் ஓடுவதும் அங்கேதான், ராஜாவை ஜனம் ஏற்றி இறக்குவதும் அங்கேதான். யார் ஜெயித்தது, தேரா, ராஜாவா என்று யாருக்கும் தெரியாது. அரண்மனை அதிகாரி உள்ளே வந்து, "காய்ச்சின இரும்பை நடுங்காமப் பிடிக்கிறவன் யாரு?" என்றார். மேஸ்திரி நிகேதாஸ் தலையைத் தூக்காமலேயே திரிபோனைக் காட்டினார்.

குதிரைலாயத்துக்குப் பக்கத்தில் ஒரு அறை. வைக்கோல் வாடை. திரிபோனின் மூக்கையும் வாயையும் மூடித் துணியைக் கட்டிவிட்டார்கள். நாலு பேர் ஒருவரை முழங்காலில் நிறுத்திப் பிடித்திருந்தார்கள். எட்டு வருஷமாகத் தினமும் அடித்த முகம், ஆனால் திரிபோனுக்கு அடையாளமே தெரியவில்லை. காசில் இருப்பவர் கம்பீரமானவர். இவர் குள்ளம், மூக்கு கோணல், தாடையில் மரு. கண் மட்டும்தான் காசில் இருந்த மாதிரியே இருந்தது. அகலமாக, நேருக்கு நேராக.

"கண் போனவன் திரும்ப ஆள முடியாது. உன் கண்ணா, அவர் கண்ணா, நீயே சொல்லு" என்றார் அதிகாரி.

திரிபோன் இரும்பை எடுத்தான். கிட்டே போனபோது கீழே இருந்தவர் மூக்கை உறிஞ்சினார். "செப்பு வாடை" என்றார். பிறகு, ஏதோ விசாரிக்கிறமாதிரி, "இத்தனை வருஷமா என் முகத்துல அடிச்சிட்டிருந்தது நீதானா?"

கை நடுங்கவில்லை. வேலை முடிந்ததும் பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் ஒருமுறை துடைத்தான். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. வெளியே வந்ததும் உப்பு மீனும் ரொட்டியும் கொடுத்தார்கள், தின்றான். வீட்டுக்கு வந்து தூங்கினான். அந்தூசாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றும் தோன்றவில்லை. மனசும் கைமாதிரி ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். நல்லதுதான்.

மறுநாள் நாணயச்சாலைக் கூடத்தில் தொங்கிய சக்கரவர்த்தியின் படப்பலகையைத் திருத்த ஓவியர் வந்தார். ஏணி போட்டு ஏறி, தலையை மட்டும் அழித்து எழுதினார். உடம்பு அதேதான். அதே ஊதா அங்கி, அதே முத்து, கையில் உலகைக் குறிக்கும் அதே உருண்டை. எத்தனை ராஜா மாறினாலும் உடம்பு மாறாது, தலைதான் மாறும். ஓவியர் முதலில் கண்ணைத்தான் பூசி மறைத்தார். கண்ணை விட்டுவிட்டு மற்றதைப் பூச அவருக்கே கஷ்டமாக இருந்ததாம்.

இப்போது பட்டடையில் இரண்டாவது காசும் நேராக விழுந்தது. மூன்றாவதும். அதே அகலக் கண்.

"தலைகீழா வை" என்றான் திரிபோன்.

கோஸ்மாஸ் குறடைத் திருப்பி, பழைய முகம் தலைகீழாக இருப்பதை அவனுக்குக் காட்டிவிட்டே வைத்தான். சம்மட்டி விழுந்தது. திரிபோன் எடுத்துப் பார்த்தான்.

நேராகத்தான் இருந்தது.

கோஸ்மாஸ் சிலுவை போட்டுக்கொண்டான். பக்கத்துப் பட்டடையில் போய் ஒரு கைப்பிடிக் காசை அள்ளிப் பார்த்தான். அங்கே அடிமுகமெல்லாம் கோணல்மாணலாகத்தான் இருந்தது. ஒன்றில் காது, ஒன்றில் சிலுவைத் துண்டு. தேய்த்தால் போய்விடும். கண் ஒன்றிலும் இல்லை.

அன்று சாயங்காலம் வரை திரிபோன் பழைய காசுகளை முதலில் தட்டையாக அடித்தான். மூக்கு போகிறவரை, கண் போகிறவரை, ஆற்றங்கரைக் கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆகிறவரை. பிறகு காய்ச்சி, அச்சில் வைத்து அடித்தான். அடித்தவற்றைப் பெட்டித் துணியில் வரிசையாக வைத்தான். ஜன்னல் வழியாகக் குளிர்காலத்து வெயில் சாய்ந்து விழுந்தது. துருத்தி மூச்சு விட்டது. எங்கேயோ யாரோ வெங்காயம் வதக்கினார்கள். துணியில் இருந்த அத்தனை முகமும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன. அவன் இடது பக்கம் நகர்ந்தான். பார்வையும் கூடவே வந்தது. வெளிச்சம்தான் நகர்ந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

"புதுச் செம்பு" என்றான். "முகமே பார்க்காத செம்பு."

கோஸ்மாஸ் தகட்டிலிருந்து அப்போதுதான் வெட்டிய வட்டு ஒன்றை எடுத்து வந்தான். இருவரும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. வெறும் செம்பு. வைத்தான். அடித்தான்.

இரண்டு பேரும் குனிந்தார்கள். வெறும் செம்பிலும் அதே அகலக் கண்.

"மச்சான்" என்றான் கோஸ்மாஸ். குரலில் விளையாட்டு இல்லை. "நீ ஏதாச்சும் பண்ணினியா?"

"வேலை பண்ணினேன்."

"என்ன வேலை?"

திரிபோன் சம்மட்டியைச் சாய்த்து வைத்தான். கோஸ்மாஸ் அவன் முகத்தைப் பார்த்தான். பிறகு அவன் வலது கையைப் பார்த்தான். குறடைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தான்.

நிகேதாஸ் மேஸ்திரிக்கு இரண்டு கண்ணிலும் புரை. காசைத் தடவிப் பார்த்துத்தான் சொல்லுவார். திரிபோன் ஒரு காசை நீட்டினான். அவர் தடவினார், நெற்றி சுருங்கியது, மறுபடி தடவினார். சட்டென்று காசைக் கீழே போட்டுவிட்டு விரல்களை அங்கியில் துடைத்துக்கொண்டார்.

"ஈரமா இருக்குடா" என்றார். "ஏன் ஈரமா இருக்கு?"

"உலையிலேருந்து வந்தது ஐயா. ஈரம் எப்படி இருக்கும்?"

"நாளைக்கு அதிகாரி வருவாரு. கூடையில இது ஒண்ணுகூட இருக்கக் கூடாது. உனக்காகச் சொல்றேன்." அதற்குமேல் அவர் நிற்கவில்லை.

கூடை முழுக்க அதுதான் இருந்தது.

வீட்டில் அந்தூசா பயறுக் கஞ்சி ஊற்றினாள். "தம்பி வேற பட்டடைக்குப் போறேங்கிறான். என்ன சண்டை உங்களுக்குள்ள?"

"சண்டை இல்ல."

"பேச மாட்டீங்க. அந்தக் கையை மட்டும் பார்த்துக்கிட்டே இருப்பீங்க. அது எங்க ஓடிப்போகப் போகுது?"

அவன் கஞ்சியை இடது கையால் குடித்துப் பார்த்தான். சிந்தியது. இன்னும் பழகிக்கொள்ள வேண்டும். ஒற்றைக் கைக்காரனை நாணயச்சாலை துருத்தி மிதிக்க வைத்துக்கொள்ளுமா, வாசலில் தள்ளுமா என்று யோசித்தான். பயம் வர வேண்டிய இடத்தில் ஒன்றும் வரவில்லை. கை போனால் அது இருந்தது என்றாவது தெரியுமா?

மறுநாள் காலை கூடைக்குப் பக்கத்தில் நின்றான். வலது கையைத் தன்னையறியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தான். கூடைமேல் ஒரு கோணியைப் போர்த்தியிருந்தான். கோணிக்கு அடியில் அந்தக் கண்கள் திறந்தே இருக்கும் என்று தெரியும்.

அதிகாரி வந்தார். கூடைகளைப் பார்க்கவில்லை. நேராகத் திரிபோனிடம் வந்தார்.

"இரும்பை எடுத்துக்கிட்டு வா."

"கூடை, ஐயா..."

"அதை உருக்கிரு. எல்லாத்தையும்."

"யாருக்கு ஐயா?"

அதிகாரி தலையை மட்டும் மேலே, படப்பலகையைப் பார்த்து அசைத்தார். அவருக்குப் பின்னாலேயே ஓவியர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். படப்பலகைக்குக் கீழே உட்கார்ந்து சாயம் குழைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பந்தயத் திடலின் கூச்சல் திரிபோனுக்குக் கேட்டது. காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது போல.

கோஸ்மாஸ் பக்கத்துப் பட்டடையிலிருந்து மெல்லச் சொன்னான்: "கை தப்பிச்சிருச்சு மச்சான்."

ஆமாம். கை தப்பியது. உலையிலிருந்து இரும்பை எடுத்தபோது முதல்முறையாக அவனுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அதே அறை. அதே வைக்கோல். கணப்புச் சட்டியில் இரும்பை வைத்துக் காத்திருந்தான். இந்தத் தடவை ஆறு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. புதியவர் பெரிய ஆள். ஒரு தடவை ஊர்வலத்தில் கிட்டத்தில் பார்த்திருக்கிறான்: கறுத்த தாடி, எலிக்கு இருக்கிற மாதிரிச் சின்னக் கண். இப்போது தலை குனிந்திருந்தது. அங்கியை உருவிவிட்டிருந்தார்கள். எல்லா உடம்பும் ஒன்றுதான்.

"தூக்கு" என்றார் அதிகாரி.

தலையைத் தூக்கினார்கள்.

தாடி அவருடையது. நெற்றி அவருடையது.

கண் அகலமாக இருந்தது. நேராக இருந்தது.

திரிபோன் மற்றவர்களைப் பார்த்தான். யாரும் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இப்படிப்பட்ட வேலையில் யாரும் பார்ப்பதில்லை. சுவரைப் பார்த்தார்கள்.

கீழே இருந்தவர் மூக்கை உறிஞ்சினார்.

"செப்பு வாடை" என்றார்.

"என்னடா நிக்கிற?" என்றார் அதிகாரி. "கை இருக்கில்ல?"

இருந்தது. நடுங்கவில்லை. ஒன்று. பிறகு இன்னொன்று. சத்தம். வாடை. கத்தியது யார் என்று தெரியவில்லை. இரும்பைத் தண்ணீரில் போட்டான். சீறியது. ஆவி அடங்கியது.

முடிந்தது.

முடிந்துவிட்டது. கண் இருந்த இடம் கருத்துக் கிடந்தது. தட்டையாக. உலையிலிருந்து வந்த செம்பு மாதிரி.

கை தானாகப் போனது. பழக்கம். கட்டைவிரலை அந்தக் கருப்பின் மேல் வைத்து, செதில் போக, ஒருமுறை துடைத்தான்.

ஈரம்.

பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக விரலுக்குத் தெரிந்தது. ஈரம். சூடு. மெல்லிய மயிர், வரிசையாக.

விரலுக்கு அடியில், அதே இடத்தில், நேராக, அது திறந்தது.