தண்ணீரில் கிடந்த நிழல்

பெண்ணைச் சுரண்டி எடுத்த பிறகும் அவளுடைய நிழல் மட்டும் தண்ணீரில் கிடந்தது.

மாதங்கி கான்வாஸை விட்டுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தாள். ஆயில் பெயின்டிங் பழகுவதற்காக ஸ்டெல்லா டீச்சர் வரையச் சொன்ன, கோனசீமாப் பக்கத்து வாய்க்கால் படம் அது. காலை வெயில், தென்னைகள், பொன்னாக மின்னும் தண்ணீர், படியில் முதுகைக் காட்டி நிற்கும் ஒரு பெண். மற்றதெல்லாம் ஒரு மாதிரி வந்துவிட்டது. அவள்தான் படுத்தி எடுத்தாள். எப்படி வரைந்தாலும் முகத்தைத் திருப்பப் போகிறவள் போலவே வந்து நின்றாள். மாதங்கி அலுத்துப்போய் டீச்சருக்குப் போன் செய்திருந்தாள்.

"ஆளு சரியா வரலைன்னா ஈரத்தோட சுரண்டிடும்மா. பழைய துணி எதுலயாவது தொடச்சுடு. டென்ஷன் நக்கோ, வேணாம்."

கைக்கு அகப்பட்டது மகள் அக்ஷதாவின் மஞ்சள் கவுன். போன வருஷமே சிறுத்துப்போய்க் கரித்துணியாகிவிட்டது. கத்தியில் ஒட்டியிருந்த பெண்ணை அதில்தான் துடைத்தாள்.

இப்போது விட்டுப்போன நிழலையும் சுரண்டி, அதே கவுனில் துடைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். மத்தியானம் குகட்பள்ளி ஏரியா முழுக்க கரண்ட் இல்லை. மின்விசிறி நின்றுபோன வீட்டில், உள்ளறையில் குழந்தை தூங்கும் மூச்சுச் சத்தமும், அதற்கும் அடியில் எங்கோ தண்ணீர் மெல்லக் கரையை நக்கும் சத்தமும் கேட்டன. குழாயை இறுக்கி மூடினாள். சத்தம் நிற்கவில்லை. ஹாலில் டர்பன்டைன் நெடி போய்ப் பாசி வாடை அடித்தது.

கான்வாஸில் நிழல் மறுபடியும் அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொன்று. சின்னது.

"அம்மா."

அக்ஷதா எழுந்து வந்து ஹாலில் நின்றாள். ஒரு கை மட்டும் பக்கவாட்டில் உயர்ந்திருந்தது.

"ஈ ஆன்ட்டி எவரு? யாரும்மா இவ? கையை விடமாட்டேங்கறா."

பால்கனி வெயில் ஹால் வரை விழுந்திருந்தது. நாற்காலிக்கு நிழல் இருந்தது. மாதங்கிக்கு இருந்தது. குழந்தையின் காலடியில் வெறும் வெயில்.

மாதங்கி கான்வாஸ் பக்கம் திரும்பினாள். படத்தைப் பார்த்தாள். சின்ன நிழலின் கை பெரிய நிழலின் பிடியில் இருந்தது. கத்தியை எடுத்தாள். இரண்டு கைகளுக்கும் நடுவே வைத்தாள். அழுத்தினாள்.

"அம்மா, நொப்பி! வலிக்கறது!"

திரும்பினாள். குழந்தையின் மணிக்கட்டில் சிவப்பாக ஒரு கோடு.

கத்தி பெயின்டில் பதிந்து நின்றது. அழுத்தவும் முடியாது. எடுக்கவும் பயம். எடுத்தால் அந்தப் பெண் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள்.

கண்ணெதிரே, பெரிய நிழல் மெல்ல முகத்தைத் திருப்பியது. பிறகு ஒரு படி இறங்கியது.

மாதங்கியின் முதுகுக்குப் பின்னால், மொசைக் தரையில், சின்னக் கால் ஒன்று தண்ணீருக்குள் இறங்கும் சத்தம் கேட்டது.